ரியாக்டரில் போட்ட பிள்ளையார் சுழி

1

கேக் பச்சையாக இருந்தது. இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சையும் இல்லை. பாத்திரம் தேய்க்கிற நாரின் பச்சை. அதன் மேல் வெள்ளை க்ரீமில் பெரிதாக ஒரு பூஜ்யம். எங்கள் தொழிற்சாலை கரைப்பான் இல்லாமல் பாலிமர் செய்யத் தொடங்கிப் பத்து வருடம் ஆனதைக் கொண்டாடினோம். மேலாளர் பூஜ்யத்தின் நடுவில் கத்தியை இறக்கி, "டொலுவீனை ஒழித்தோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பியில் எங்கள் வெள்ளைப் பொடியை அடைத்துக் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டி ஞாபகப் பரிசாகக் கொடுத்தார்கள். கேக்கில் ஒரு வாய்தான் சாப்பிட்டேன். சோப்பு வாசனை அடித்தது. மீதியைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, யாரும் பார்க்காத நேரத்தில் குப்பைக் கூடையில் போட்டேன்.

அம்பத்தூரில் பிறந்து வளர்ந்து, ஜெர்மனியில் ஒரு ஆற்றங்கரை ஊரில் வயதாகிக்கொண்டிருப்பவன் நான். இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்பவர்களுக்கு "கெமிக்கல் கம்பெனி" என்று சொல்லி முடித்துவிடுவேன். இன்று கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

பெயிண்டிலும் பசையிலும் போகிற பாலிமரைச் செய்ய, மூலப்பொருளை ஏதாவது ஒன்றில் கரைக்க வேண்டும். வழக்கமாக அது டொலுவீன். ரியாக்டர் என்கிற பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க வைத்துக் கலக்குவார்கள். பாலிமர் ஆனதும் டொலுவீனை ஓட்டி எடுக்க வேண்டும். முழுதாக எப்போதும் வராது. கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் சாக்கடையில் போகும், கொஞ்சம் பக்கத்தில் நிற்கிற மனிதனின் தலைக்குள் போகும்.

நாங்கள் டொலுவீனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகிறோம். சோடாவில் பொங்குகிற அதே வாயுதான். அதைத் தடித்த எஃகுக் கலத்துக்குள் பலமாக அமுக்கி, முப்பத்தொரு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் போய்விடும். சூப்பர்கிரிட்டிகல் என்று பெயர். வாயுவைப் போல எல்லா இடுக்கிலும் புகும், திரவத்தைப் போலக் கரைக்கும். கலத்தின் பக்கத்தில் நீலமணிக் கல்லால் ஆன ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் கீழே திரவம், மேலே வாயு, நடுவில் ஒரு கோடு. சூடு ஏற ஏறக் கோடு கலங்கும், புகை மூட்டம் போல ஒன்று வரும், பிறகு கோடே இருக்காது. முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. வேலை முடிந்ததும் வால்வைத் திறந்தால் வாயு போய்விடும், அதைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவோம். உள்ளே உலர்ந்த பொடி மட்டும் நிற்கும். காய வைக்க ஒன்றுமில்லை, நாற்றமும் இல்லை.

ஆரம்ப காலத்தில் இது இவ்வளவு ஒழுங்காக வரவில்லை. பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலக்கியைச் சுற்றி ஒரே கட்டியாக இறுகிவிடும். உள்ளே கையை விட்டு உளியால் கொத்தி எடுத்திருக்கிறேன். ஒட்டாமல் தடுக்கிற சரக்கு எது என்று கண்டுபிடிப்பதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. அதனால் கேக் வெட்டும்போது எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது. சனிக்கிழமை மதியம் வரைக்கும் இருந்தது.

2

சனிக்கிழமை என் தங்கை மல்லிகாவின் கணவன் சேகர் வீடியோவில் அழைத்தான். நானும் அவனும் அம்பத்தூரில் ஒரே தெருவில் பம்பரம் விட்டவர்கள். பிறகுதான் அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். இப்போது நூம்பலில் வீடு கட்டிக்கொண்டு, வானகரம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வண்டியில் வேலைக்குப் போகிறான். பெயிண்டுக்கு டொலுவீனில் ரெசின் காய்ச்சுகிற ஒரு ஷெட்டில் ஆபரேட்டர்.

"மச்சான், உங்க ஊரு மிஷினு ஒண்ணு வந்துகீது எங்க கம்பெனிக்கு. செகண்ட் ஹேண்டு. ஆனா சோக்கா கீது பாரு."

போனைத் திருப்பிக் காட்டினான். கிரேனில் தொங்கிய ஒரு பெரிய எஃகுப் பாத்திரம். மூடியின் ஓரத்தில் நெளிந்த ஒரு இடம். அந்த நெளிசலை எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் குனிந்து குனிந்துதான் என் முதுகுவலி ஆரம்பித்தது. எங்கள் பழைய டொலுவீன் ரியாக்டர்.

புது முறைக்கு மாறியபோது அது தேவைப்படவில்லை. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தை அந்த மெல்லிய சுவர் தாங்காது. வருடக்கணக்கில் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. போன வருடம் ஒரு லாரி வந்து தூக்கிக்கொண்டு போனபோது, உருக்கத்தான் போகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

"இன்னொரு விசயம் காட்றேன், ஆடிப்போய்டுவ" என்றான் சேகர். "கிரீஸைத் தொடைக்கத் தொடைக்கத் தெரிஞ்சுது மச்சான். ஒடம்பே சிலிர்த்துட்ச்சு எங்களுக்கு."

போனைக் காலடிக்குக் கொண்டுபோனான். பாத்திரத்தைத் தாங்குகிற எஃகுக் காலில், மஞ்சள் நிறத்தில், ஒரு பிள்ளையார் சுழி. அதைச் சுற்றி யாரோ புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கீழே ஒரு செம்பருத்திப் பூ.

"வெள்ளக்காரன் ஊர்லேர்ந்து வந்த மிஷின்ல சுழி எப்டி வந்துச்சு, சொல்லு? சாமி தானா வந்து குந்திகினாரு. முதலாளி தேங்கா ஒடச்சுட்டு அழுதுட்டாரு."

நான் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டான்.

3

அந்தச் சுழியைப் போட்டது நான்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்றைக்குப் பூ வைக்காத லேத் கிடையாது. பொரியும் பொட்டுக்கடலையும் வாசல் வரைக்கும் சிந்திக் கிடக்கும், பூசணிக்காய் தெருவெல்லாம் சிதறியிருக்கும். இங்கே நான் மட்டும் சும்மா நின்றுகொண்டிருந்தேன். டொலுவீன் இருக்கிற கொட்டகையில் கற்பூரம் ஏற்றினால் நானும் சேர்ந்து மேலே போய்விடுவேன். குங்குமம் வைத்தால் சாயங்காலம் சுத்தம் செய்கிறவர் துடைத்துவிடுவார். குழாய்களில் அடையாளம் போடுகிற மஞ்சள் பெயிண்ட் பேனா கையில் இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் குனிந்து ஒரு சுழி போட்டேன். மனசு லேசானது. அவ்வளவுதான் நடந்தது.

அதைப் பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டார். வருடாந்திர ஆய்வுக்கு வந்த அதிகாரி. அது என்ன என்றார். எதையும் தொடங்கும்போது போடுவோம் என்றேன். பொருள் என்ன என்றார். பொருள் ஒன்றும் இல்லை, தொடக்கம் என்றேன். "சிறு கிறுக்கல், பாதிப்பில்லை" என்று எழுதிக்கொண்டார். இருபது வருடமாக ஜெர்மன் பேசுகிறேன், ராசி என்ற ஒரு சொல்லை இன்னும் இவர்களுக்கு விளக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எனக்கு டொலுவீன் வாசனை பிடிக்கும். எஸ்டேட் பக்கம் காற்றடித்தால் நானும் சேகரும் மூக்கை நீட்டிக்கொண்டு இழுப்போம். மூக்கு என்பது வெட்கம் கெட்ட உறுப்பு. கொஞ்ச நாளில் எதையும் பழகிக்கொள்ளும். போன தடவை ஊருக்குப் போனபோது நூம்பல் வீட்டில் நுழைந்ததும் என்ன நாற்றம் என்று கேட்டேன். சேகரின் சட்டைகளை மல்லிகா தனி வாளியில் ஊறப் போட்டிருந்தாள். அந்தத் தண்ணீரின் மேல் வானவில் மிதந்தது. "நாத்தமா? இன்னா நாத்தம்ணா? எனக்கு ஒண்ணும் தெரிலயே" என்றாள். அதே கையால் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். என் மகள் தாமரை, பள்ளியில் அவள் பெயர் தாரா, தட்டைத் தொடாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அன்றைக்கு அவளைத் திட்டினேன். அந்த வீட்டில் சரியாக வேலை செய்த ஒரே மூக்கு அவளுடையதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

4

அந்த ரியாக்டரின் கலக்கித் தண்டு மூடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இடத்தில், ஆவி வெளியே வராமல் அடைக்கிற ஒரு சீல் உண்டு. அது கசியும். மாற்றினாலும் சில மாதங்களில் மறுபடி கசியும், ஏனென்றால் தண்டே லேசாக வளைந்திருக்கிறது. இங்கே இருந்தபோது மேலே உறிஞ்சுகுழாய், முகமூடி, எச்சரிக்கை மணி என்று அதற்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தோம். தொல்லை தாங்காமல்தான் புது முறைக்கே மாறினோம். சேகரின் ஷெட்டில் ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது.

திங்கட்கிழமை பாதுகாப்புப் பிரிவில் போய்ச் சொன்னேன். அங்கே ஒரு இளைஞன், நல்லவன், சைக்கிளில் வருகிறவன், இறைச்சி சாப்பிட மாட்டான். பொறுமையாகக் கேட்டான். கணினியில் தட்டினான்.

"அது நம்மிடம் இல்லையே" என்றான்.

"இல்லை. என் தங்கை கணவரிடம் இருக்கிறது."

"இடைத்தரகருக்கு விற்றிருக்கிறோம். இருக்கிற நிலையிலேயே. அதற்குப் பிறகு வாங்குகிற நாட்டின் சட்டம்."

"வளைந்த தண்டு என்று அவர்களுக்குச் சொன்னோமா?"

"இருக்கிற நிலையிலேயே என்றால் அதுவும் அடங்கும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து ஆறுதலாக, "நம் வளாகத்தில் டொலுவீன் பூஜ்யம்தான். அதில் உங்கள் பங்கு பெரியது" என்றான்.

வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகச் செருப்பால் அடித்ததில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அருவருப்பு. பூஜ்யம் உண்மை. ஒழித்தோம் என்று கேக் வெட்டியதை நாங்கள் ஒழிக்கவே இல்லை. கிரீஸ் தடவி, கப்பலில் ஏற்றி, என் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டோம்.

மேலாளரிடமும் போனேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, வளரும் நாடுகளுக்கும் இயந்திரங்கள் தேவை அல்லவா என்றார். அவர் மேஜையில் அந்தப் பச்சை ரிப்பன் குப்பி இருந்தது. எடுத்து அவர் வாயில் கொட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "சரி" என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கோபம் வரும்போது எனக்கு ஜெர்மன் போய்விடுகிறது.

5

சேகரின் முதலாளியிடமே பேசிவிடலாம் என்று, அவன் போனிலேயே ஸ்பீக்கரில் பேசினேன். வளைந்த தண்டைப் பற்றிச் சொன்னேன். தண்டையும் சீலையும் மாற்றாமல் டொலுவீன் ஊற்றாதீர்கள், அதுவரைக்கும் ஓட்ட வேண்டாம் என்றேன்.

"சார், நீங்க படிச்சவரு, சொன்னா கேட்டுக்கறேன்" என்றார் அவர். "ஆனா புள்ளையாரே கையெழுத்துப் போட்டு அனுப்புன மிஷினு சார் இது. ஒண்ணும் ஆவாது. சீலு அப்பால பாத்துக்கலாம்."

"அந்தச் சுழியை நான்தான் போட்டேன். பெயிண்ட் பேனாவால்."

பிறகு அவர் குரல் குழைந்தது. "நீங்களா? நம்ம சேகர் மச்சானா? சரி சார், அத்தினி தூரம் போய் உங்க கையால போட வெச்சது யாரு? அந்த மிஷினு கரெக்டா நம்ம ஊட்டாண்ட வந்து எறங்குதே, அனுப்புனது யாரு?"

அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லியும் பிரயோஜனமில்லை. பின்னால் பத்துப் பேர் "ஆமாம் சார்" என்றது கேட்டது. சேகரின் குரலும் அதில் இருந்தது.

முதல் சரக்கைக் காய்ச்சினார்கள். நன்றாக வந்ததாம். இரண்டாவதும் வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் மல்லிகா பேசினாள். வழக்கமாகக் காய்கறி விலையில் ஆரம்பிப்பவள், அன்றைக்கு எதிலும் ஆரம்பிக்கவில்லை.

"அவரு சாப்ட மாட்றாருண்ணா. எத சொன்னாலும் மறந்துட்றாரு. நேத்து வானகரம் சிக்னல்ல இன்னா ஆச்சுன்னு அவரே சொல்வாரு கேளு."

சேகர் போனை வாங்கினான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஒண்ணுமில்ல மச்சான். சிக்னல்ல நின்னுகினு இருந்தேன். பச்சை வுழுந்துச்சு. பின்னால அத்தினி பேரும் ஹாரன் அடிக்கறான். எனக்கு ஊடு எந்தப் பக்கம்னு தெரில. தெனம் போற ரோடு. ஒரு போலீஸ்காரர் வந்து, எங்கயா போவணும்னு கேட்டாரு. நூம்பல்னு சொல்லவே வரல."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். தாமரை பக்கத்தில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். போனை வைத்ததும் கேட்டாள்: "அப்பா, உங்க கம்பெனி ஸ்மெல் அத்தை வீட்டுக்குப் போயிடுச்சா?"

போன மாதம் பள்ளியில் என் வேலையைப் பற்றித்தான் அவள் பேசினாள். என் அப்பாவின் தொழிற்சாலையில் நாற்றமே கிடையாது என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை பாராட்டினாராம். ரொட்டியைச் சாப்பிடு என்றேன். வெண்ணெய்க் கத்தியை வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க என்னோடு ஜெர்மனில் மட்டும் பேசினாள்.

6

அறிவியல் செல்லவில்லை, சட்டம் செல்லவில்லை. சுழி மட்டும்தான் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேகரை அழைத்தேன்.

"மாப்ள, அந்தச் சுழியை அழிச்சிடு."

"இன்னா மச்சான் சொல்ற?"

"காலைல முதல் ஆளா போ. வேஸ்ட் துணியில டொலுவீன் நனைச்சு ஒரு தேய் தேய். போயிடும். யார்கிட்டயும் சொல்லாதே."

"சாமி குத்தம் ஆய்டும். பைத்தியமா உனக்கு?"

"போட்டவன் நான், அழிக்கச் சொல்றவனும் நான். குத்தம் என் தலையில."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது மல்லிகா போனைப் பிடுங்கினாள். "எங்கண்ணன் போட்டது சாமின்னா, எங்கண்ணன் சொல்றதும் சாமி சொல்றதுதான். நீ தொடைக்கறியா, நான் வந்து தொடைக்கட்டா?" என்று அவனிடம் கத்தினாள். என் தங்கையின் தர்க்கத்துக்கு முன்னால் எங்கள் பாதுகாப்புப் பிரிவு நிற்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை அழித்துவிட்டான். குங்குமமும் சந்தனமும் அப்படியே இருக்க, நடுவில் சுழி மட்டும் இல்லை. ஷிஃப்டுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் ரியாக்டர் பக்கம் போகவில்லை. சாமி எறங்கிப் போய்ட்சு என்று ஒருவர் சொல்ல, போன வாரம் சேகருக்கு வானகரத்தில் வழி தெரியாமல் போனதை இன்னொருவர் ஞாபகப்படுத்தினாராம். முதலாளி மூடியைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தினார்கள்.

நான் அன்று வேலையில் நீலமணி ஜன்னல் முன்னால் இருந்தேன். கோடு கலங்கி மறைந்தது. எத்தனையோ தடவை பார்த்த காட்சி, அன்றைக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. படிப்பும் பட்டமும் செய்யாத காரியத்தை ஒரு அழுக்குத் துணி செய்துவிட்டது. கூச்சமாகவும் இருந்தது, வெற்றியாகவும் இருந்தது. முதலாளி இனித் தண்டை மாற்றுவார், இல்லாவிட்டால் அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவார் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து தாமரையிடம் சொன்னேன். அவள் தமிழில், "சூப்பர்பா" என்றாள்.

7

நேற்று சேகர் அழைத்தான். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை கூடியிருந்தது. பின்னால் மல்லிகா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அவன் சட்டையும் மற்ற துணிகளோடு சேர்ந்து தொங்கியது.

"பீடை வுட்டுச்சு மச்சான். போய்ட்சு அந்த மிஷினு. அது நின்னதுலேர்ந்து நான் பேக்கிங்லதான் கீறேன்."

"பழைய இரும்புக்கா?"

"நல்ல மிஷின யாராவது ஒடைப்பானா? ராசி இல்லன்னு முதலாளி வித்துட்டாரு. ஆவடி பின்னால புதுசா ஒருத்தன் ஷெட்டு போட்டுகீறான், சின்னப் பையன், லோன் வாங்கி ஆரம்பிக்கறான். நேத்து சாயந்திரம் டிரெய்லர்ல ஏத்தி வுட்டோம்."

"தண்டு வளைஞ்சிருக்குன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"அத்த சொன்னா எவன் வாங்குவான்? கீற மாதிரியே எடுத்துக்கன்னு சொல்லிட்டாரு."

இருக்கிற நிலையிலேயே. எங்கள் அலுவலகத்து வாசகம் அர்த்தம் மாறாமல் சேகரின் வாயில் வந்தது. அந்த இளைஞனின் சைக்கிள், மேலாளரின் ஜன்னல், நாற்றமில்லாத என் பொடி எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆவடியில் அந்த மூடியைக் குனிந்து பார்க்கப் போகிறவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவன் சட்டையைத் தனி வாளியில் ஊறப் போடுவாள். அவளுடைய அண்ணன் எவனும் ஜெர்மனியில் இருக்க மாட்டான். என் தங்கை வீட்டு நாற்றத்தை நான் ஒழிக்கவில்லை, தள்ளிவிட்டிருக்கிறேன். எங்கள் கம்பெனி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், கேக் வெட்டுவது ஒன்றுதான் பாக்கி.

என் முகத்தைப் பார்த்துச் சேகர் பதறிவிட்டான். நான் சுழிக்காக வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத மச்சான்" என்றான். "அழிச்சதுலேர்ந்து எனக்கும் ஒறுத்திகினுதான் இருந்துச்சு. அந்தப் புள்ளையும் நல்லா இருக்கணும் இல்ல? வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி, யாரும் பாக்காதப்ப, நானே அதே எடத்துல மஞ்சப் பெயிண்டுல புதுசா ஒண்ணு போட்டு வுட்டேன்."